கூரையிலிருந்து விழுந்த சிப்பி

வாருங்கள், வந்து பாருங்கள். எவரும் அளந்தறியாத ஆழத்தை அளந்ததாக எழுதி, அந்தக் காகிதத்தை நம்பி நாற்பது பேரைப் பாதாளத்துக்கு அனுப்பிய அநியாயத்துக்குச் சாட்சியாக நில்லுங்கள்.

ஹண்டர் பள்ளத்தாக்கின் கார்பின் சுரங்கத்தில் நிலக்கரி இரண்டு அடுக்காகக் கிடந்தது: மேல்கரி, கீழ்கரி. மேல்கரியை வெட்டிப் புதுப்பாதை முன்னேறிக்கொண்டிருந்தது. கைவிடப்பட்ட பழைய குழியோ கீழ்கரியில், நீர் நிறைந்து கிடந்தது. இரண்டுக்கும் இடையே அறுபதடிப் பாறை உண்டு என்றது நிர்வாகத்தின் வரைபடம். அந்த அறுபதடி, பக்கத்தில் போட்ட ஆய்வுத்துளையைப் பார்த்து ஊகித்த கணக்கு.

பூமிக்குள் என்ன கல் என்று அறியத் துளையிட்டு எடுத்த கல்லுருளைகளைப் பெட்டியில் அடுக்கிக் குறிப்பெழுதுவது வின்னி ப்ராஸரின் வேலை. அவள் அண்ணன் இவான் புதுப்பாதையில் கரி வெட்டினான். கரிக்கு மேலுள்ள பாறைக் கூரையிலிருந்து விழும் அழகான கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, கிடைத்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதிக் கணப்பு மேடையில் வைப்பது அவ்வூர் வழக்கம். சனிக்கிழமை அவன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான்.

“இந்தா, உனக்குப் புடிச்ச குப்பை.”

கல்லில் ஒரு கடற்சிப்பி பதிந்திருந்தது. வின்னியின் முகம் மாறியது.

“இது எங்க கெடச்சுது?”

“ஒடஞ்ச பாறையத் தாண்டினோமே, அதுக்கு அந்தாண்ட. விட்ட எடத்துலேருந்து அதே கரிதான் தொடருது.”

“அதே கரின்னு யாரு சொன்னா? மேல்கரிக்குக் கூரையில நாக்கு மாதிரி எலதான் பதிஞ்சிருக்கும். சிப்பி கீழ்கரிக்கு மேலதான். அந்தப் பக்கம் பூமியே மேல ஏறி, கீழ்கரிய உன் முன்னால கொண்டுவந்திருக்குடா. பழைய குழித் தண்ணி உன் காலுக்குக் கீழ இல்ல, மூஞ்சிக்கு நேரா இருக்கு.”

அன்று மாலையே மேலாளர் ஹார்க்னெஸின் மேசையில் அச்சிப்பியை வைத்தாள்.

“கரின்னா கறுப்பும்மா. மேல சிப்பி இருந்தா என்ன, ஆட்டுக்கால் இருந்தா என்ன? படம் போட்டவரு சர்வேயரு. நீங்க பெட்டி அடுக்குறவங்க.”

“அடுக்கினதாலதான் சொல்றேன் சார். முப்பத்தொரு துளை. ஒண்ணுல கூட மேல்கரிக்கு மேல சிப்பி இல்ல.”

“திங்கக்கிழமை வேலை நடக்கும்.”

வின்னி அழவில்லை, கெஞ்சவுமில்லை. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். ஞாயிறன்று தொழிற்சங்கக் கூடத்தின் நீள மேசை, கணப்பு மேடைக் கற்களால் நிறைந்தது. மேல்கரி என்று எழுதிய கற்களில் இலை. பழைய குழி என்று எழுதியவற்றில் சிப்பி. உடைந்த பாறைக்கு அப்பால் கிடைத்த ஐந்திலும் சிப்பியே.

“பத்து வருசமா இதத் தூக்கிப் போடச் சொன்னா எம் பொண்டாட்டி,” என்று தன் கல்லைக் காட்டினான் கிழட்டுச் சுரங்கக்காரன் மேபின். “இனி தெனம் தொடச்சு வைக்கச் சொல்லணும்.”

“முதல்ல நீ குளி, அப்புறம் கல்லத் தொடைக்கலாம்,” என்றது பின்வரிசை.

சிரிப்பு அடங்கியதும் கைகள் உயர்ந்தன: எதிரே என்ன இருக்கிறதென்று முன்துளை போட்டுப் பார்க்காமல் ஒரு கட்டிக் கரியும் வெட்டுவதில்லை.

திங்கள் காலை. ஹார்க்னெஸ் கைகட்டி நிற்க, துளையை அடைக்க மரமுளையோடு இவான் காத்திருக்க, துளைக்கம்பி கரிக்குள் புகுந்தது. பதினோராம் அடியில் அது பின்னுக்கு உதைத்தது; நாற்றமெடுத்த கறுப்புநீர் பீறிட்டது. இரண்டு பேர் தோள்கொடுத்து முளையை அறைந்தார்கள்.

“படத்த மாத்திப் போடச் சொல்லுங்க சார்,” என்றான் இவான். “சிப்பி வேணும்னா என் தங்கச்சிகிட்ட வாங்கிக்கலாம்.”

பூமி தன் வயதைக் கல்லிலே எழுதிவைத்திருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவள் பெட்டி அடுக்குகிறாள். ஆகவே, தோழர்களே, உங்கள் சுரங்க வாயிலில் தொங்கும் வரைபடத்தின் முன் நாளைக் காலை நில்லுங்கள். எந்தக் கல்லைப் பார்த்து இந்தக் கோட்டை இழுத்தீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கல்லை உங்கள் கையில் தரும்வரை இறங்காதீர்கள்.