கழுதைக்காதுக்கு நேரே

"அமாதாவுக்கும் கஸ்ர் இப்ரீமுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல மதாம். வெறும் தண்ணி. அந்த நேரத்துல நீங்க வாயைத் திறக்காம இருந்தாப் போதும்" என்றார் மித்ஹத் பே.

எங்கள் கப்பலின் மேனேஜர்; 'பே' என்பது மரியாதைக்குச் சேர்ப்பது. கெய்ரோக்காரர். அஸ்வான் அணைக்கு மேலே கடல் மாதிரி கிடக்கிற ஏரியில் வெளிநாட்டுக்காரர்களைக் கோயில் கோயிலாக ஏற்றிப்போகிற கப்பல் அது. நான் அதில் வழிகாட்டி. இந்த வருஷம் கம்பெனிக்குப் புதுக் கிறுக்கு ஒன்று பிடித்திருந்தது. 'மௌனப் பயணம்' என்று பெயர். பயணிகள் மேல்தளத்தில் சாய்ந்து கிடந்து, தண்ணீரைப் பார்த்தபடி தங்களுக்குள்ளேயே மூழ்க வேண்டுமாம். அதற்கு எந்த இடத்தைப் பிடித்தார்கள் தெரியுமா? அணை கட்டியதில் என் ஊர் மூழ்கிய இடத்தை. வயிறு எரியுமா, எரியாதா?

"ஒண்ணுமில்லன்னு யார் சொன்னா? எங்க அப்பா இருக்காரு அங்க."

"எங்க?"

"கீழ."

ஏதோ வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார் அந்த மனுஷன்.

"ஊருக்கு நேரா கொஞ்ச நேரம் நிறுத்தணும் பே. ஒரு சாமானைக் குடுத்துட்டு வந்துருவேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. "கப்பல் நின்னா உங்க வேலையும் நிக்கும், மதாம் நப்ரா."

அந்தச் சாமான் என் பையில், அம்மாவின் கறுப்புத் துணிக்குள் இருந்தது. ஒரு மண் கிண்ணம். நூபியர்கள் நாங்கள் கல்லறையின் தலைமாட்டில் கிண்ணம் வைப்போம். ஒவ்வொரு பெருநாளைக்கும் போய்த் தண்ணீர் நிரப்புவோம். செத்தவர்களுக்கும் தாகம் எடுக்கும் இல்லையா? ஊரைக் காலி செய்து எங்களை ஏற்றிப்போகப் படகு வந்த அன்றைக்கு, எல்லாப் பெண்களும் கடைசி முறையாகக் கிண்ணங்களை நிரப்பிவிட்டு அழுதுகொண்டு வந்தார்கள். என் அம்மா ஷாயா மட்டும் கிண்ணத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். "நான் இல்லாம அந்த மனுஷனுக்கு யாரு ஊத்துவா?" என்று கேட்டாள்.

கொம் ஓம்போ பக்கம், ஆறு கண்ணுக்கே தெரியாத பொட்டலில் அரசாங்கம் வீடு கொடுத்தது. அங்கே வாசலில் வைத்து ஊற்றினாள். "புருஷனை வாசல்லயா புதைச்சிருக்க?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள். "உன் புருஷன் உசிரோட உள்ள கிடந்து என்னத்தைக் கிழிச்சான்?" என்றாள் அம்மா.

இந்த வருஷம் அம்மா போய்விட்டாள். போவதற்கு முன்னால் கிண்ணத்தை என் கையில் வைத்து, "அவர்கிட்டயே குடுத்துரு புள்ள. இனிமே ஊத்த ஆளில்லை" என்றாள். கொடுத்தே தீர வேண்டும்.

அன்று காலை அமாதாவில் பென்னுத்தின் கல்லறையைக் காட்டினேன். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய அதிகாரி. அவரும் எங்கள் ஊரை ஒட்டிய அனீபா ஆள்தான். தண்ணீர் வருகிறது என்றதும் மலையை அறுத்து, சித்திரம் எழுதிய சுவரோடு கல்லறையைத் தூக்கிவந்து மேட்டில் வைத்தார்கள். உயரமான ஒரு பெல்ஜியக்காரி கேட்டாள்: "அங்க இருந்த மத்த கல்லறைங்க?"

நான் வாயெடுப்பதற்குள் மித்ஹத் பே முந்திக்கொண்டார். "முக்கியமானது எல்லாத்தையும் காப்பாத்தியாச்சு."

முக்கியமானது எல்லாம்! பென்னுத் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, பாவம், நல்லா இருக்கட்டும். ஆனால் என் அப்பா அப்போது செத்து இரண்டே வருஷம். அவரைத் தூக்க ஒரு நாதியும் இல்லை.

கப்பல் புறப்பட்டதும் நேரே ரயிஸ் பெஷீரிடம் போனேன். சுக்கான் பிடிப்பவர், எங்களுக்கு அடுத்த ஊர்க்காரர்.

"அண்ணே, கழுதைக்காது தெரியுதா?"

கழுதைக்காது என்பது கரைக்குப் பின்னால் நிற்கும் இரட்டை மலை. அந்த இரண்டு காதும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறைந்து ஒற்றைக் காதாகத் தெரிந்தால், அதற்கு நேரே எங்கள் ஊர் மையவாடி, கல்லறை நிலம். தண்ணீரால் மறைக்க முடியாத அடையாளம் அது ஒன்றுதான்.

"தெரியுது. ஆனா நிறுத்தச் சொல்லாத புள்ள. பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்."

"நான் கேக்கவே இல்லையே."

"உன் மூஞ்சி கேக்குதே!"

நான் துணியைப் பிரித்தேன். குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றினேன். பெஷீர் அண்ணன் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடிப் பைத்தியக்காரி! தண்ணியா கொண்டு போற? உங்கப்பன் இத்தனை வருஷமா தண்ணிக்குள்ளதான் கிடக்கான். போதும் போதும்னு கத்துவான்!"

கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கிண்ணம் என்றால் தண்ணீர் என்று ரத்தத்திலேயே ஊறிக்கிடக்கிறது, யோசிக்கவே தோன்றவில்லை. தாகமா அவருக்கு? அவரிடம் இல்லாதது வேறு.

மேல்தளத்துக்கு ஓடினேன். பயணிகள் பாதிக் கண்ணை மூடிக்கிடந்தார்கள். கைப்பிடி ஓரம், மித்ஹத் பே தினமும் தானே தண்ணீர் விட்டு வளர்க்கும் ஜெரேனியம் தொட்டி. கிண்ணத்துத் தண்ணீரைத் தளத்தில் கொட்டினேன். செடியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, மண்ணை இரண்டு கையாலும் அள்ளிக் கிண்ணத்தில் அமுக்கினேன். அஸ்வான் கரை மண், கறுப்பு மண், ஈர மண்.

"மதாம்! என்ன அநியாயம் இது!" மித்ஹத் பே பாய்ந்து வந்தார். "இந்த நிமிஷத்தோட உங்களுக்கு வேலை போச்சு!"

"போகட்டும். தள்ளுங்க."

பயணிகள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கழுதையின் ஒரு காது இன்னொரு காதுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. கப்பல் போகிற வேகத்தில் போட்டால் கிண்ணம் எங்கே போய் விழுமோ தெரியாது. யா ரப்பி, யா ரப்பி என்று இறைவனைக் கூப்பிட்டு முணுமுணுத்தேன்.

எஞ்சின் சத்தம் நின்றது.

மித்ஹத் பே வாக்கிடாக்கியைப் பிடுங்கி எடுத்தார். "பெஷீர்! எஞ்சினுக்கு என்ன கோளாறு?"

பதில் வாக்கிடாக்கியில் வரவில்லை. மேல்தளத்து ஒலிபெருக்கியில், எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது.

"கோளாறெல்லாம் இல்ல பே. ஊர் வந்திருச்சு. அதான் நிறுத்தினேன்."

காது ஒன்றாயிற்று. கைப்பிடிக்கு வெளியே முழுக்கக் குனிந்து கிண்ணத்தை விட்டேன். மண் கனத்தில் அது மிதக்கவில்லை, சாயவில்லை, நேராக இறங்கியது. "அப்பா, அம்மா அனுப்பியிருக்கா. மண்ணு" என்றேன்.

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, வழிகாட்டியின் ஒலிவாங்கியை எடுத்தேன். அந்தப் பெல்ஜியக்காரி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மித்ஹத் பே என் கையைப் பிடிக்க வந்தார், அவள் வழிவிடவில்லை.

"எல்லாரும் வலதுபக்கம் வாங்க" என்றேன். "கீழ பாருங்க. காலையில கேட்டீங்கல்ல, மத்த கல்லறைங்க எங்கேன்னு? இது முஹ்யித்தீன் பக்கீரோட கல்லறை. பேரீச்சை விவசாயி. நல்லாப் பாடுவாரு, கடன் குடுத்தா மறந்துருவாரு. இதை யாரும் அறுக்கல, தூக்கல, இடம் மாத்தல. இருந்த இடத்துலயே இருக்கு. கேள்வி இருந்தா கேளுங்க. நான் அவரோட மக."