மாற்றி வாசித்த கடைசி அத்தியாயம்

உத்தமபாளையத்தில் ராவுத்தர் ஒருவரின் ஏலக்காய்க் கிட்டங்கியில் நாங்கள் பதினாறு பெண்கள் வேலை பார்த்தோம். மலையிலிருந்து மூட்டையில் வரும் காயைச் சுளகில் கொட்டி, காம்பு கிள்ளி, பச்சை வேறு, வெளுத்தது வேறு, வெடித்தது வேறு என்று பிரிக்க வேண்டும். வாய் சும்மா இருந்தால் ஏலக்காய் அதற்குள் போய்விடும் என்று ராவுத்தருக்கு ஒரு பயம். பேசினால் கை நின்றுவிடும் என்று இன்னொரு பயம். பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டு இரண்டுக்கும் பயந்தால் பாவம், மனிதர் என்ன செய்வார்? கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மத்தியானத்துக்கு மேல் ஒருத்தி கதை வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பொறுக்கட்டும் என்றார். அங்கே எழுத்து தெரிந்தவள் நான் மட்டும்தான். நான் வாசிக்கும் நேரத்துக்கு மற்றவர்கள் தாங்கள் பொறுக்கியதில் ஆளுக்கொரு பிடி போட்டு என் சுளகை நிரப்பிவிடுவார்கள்.

என் பெயர் பிலோமினா. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். என் வீட்டுக்காரர் பீட்டர்ராஜ் குமுளி ரோட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சண்டை வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குப் போனார். சிங்கப்பூர் விழுந்து நாலு மாதம் கழித்து எங்கள் வீட்டுக்கு ஒரு காகிதம் வந்தது. அதில் "காணவில்லை" என்று போட்டிருந்தது. செத்தார் என்றும் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை. ஆடு மாடுக்குச் சொல்கிற வார்த்தையை ஆளுக்குப் போட்டு அனுப்பியிருந்தார்கள். நான் சொல்லும் இந்தக் கதை நடந்தபோது அந்தக் காகிதம் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலிலிருந்து திரும்பும் வழியில் என் மாமியார் வியாகுலமேரி ஒரே கேள்வியைக் கேட்பார்.

"சாமியார்ட்ட சொல்லி பீட்டருக்குப் பூசை வச்சிருவமாத்தா?"

செத்தவரின் ஆத்துமத்துக்கு வைக்கிற பூசை அது. அதை வைத்துவிட்டால் ஊருக்கும் அவர் செத்தவர், எங்களுக்கும் செத்தவர். பிறகு நான் தாலியைக் கழற்ற வேண்டியதுதான். "வேணாம் அத்தே" என்பேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் நடப்பார். பெற்ற மகனை முடித்துவைக்க இந்த மனுஷிக்கு இத்தனை அவசரமா என்று முதலில் எனக்கு எரிச்சலாக வரும். போகப்போக அந்த எரிச்சலும் வரவில்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, எனக்கு மனசு அப்படி ஆகிவிட்டது. சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன். ஒன்றும் உறைக்கவில்லை.

அந்தச் சித்திரையில் வாசகசாலையிலிருந்து நான் எடுத்து வந்த நாவல், எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போது சொல்கிற ஒரு கதையை வைத்து எழுதியது. ஒரு ராஜகுமாரன் முனிவரின் சாபத்தால் கல்லாகிவிடுகிறான். பெண்டாட்டிக்காரி தினமும் ஒரு குடம் தண்ணீர் சுமந்து வந்து கல்லின் தலையில் ஊற்றுகிறாள். பன்னிரண்டு வருஷம் ஊற்றுகிறாள். கடைசிக் குடத்தில் கல் கண் திறக்கிறது. ஐந்து வாய்ச் சோற்றுக்குள் முடிந்துவிடும் கதையை ஆசிரியர் இருநூறு பக்கத்துக்கு மேல் வளர்த்திருந்தார்.

முதல் நாளே சண்டை. ராஜகுமாரன் பெண்டாட்டிக்கு ஆசிரியர் சுலோசனா என்று பெயர் வைத்திருந்தார். எங்களில் மூத்தவள் கஸ்தூரியம்மாள். வீரபாண்டியில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். அவளுக்கு அது பிடிக்கவே இல்லை.

"கதையில அவளுக்குப் பேரே கெடையாது. தண்ணி தூக்குறவளுக்குப் பேரு வச்சா கொடம் கனம் கொறஞ்சிருமாக்கும்?"

ஒரு அத்தியாயம் முழுக்கக் கல்லாய் நிற்கிறவன் மனசுக்குள் என்ன நினைக்கிறான் என்று வந்தது. கல்யாணமாகி மூன்று மாதமே ஆன இருளம்மாள் அதைக் கண் கொட்டாமல் கேட்டாள். "அக்கா, அந்த எடத்த இன்னொருக்க வாசிங்க. இவள மட்டுந்தான நெனைக்கிறான்? வேற எவளையும் நெனைக்கலயே?" என்று நிச்சயப்படுத்திக்கொண்டாள்.

"கல்லு நெனைக்கிறத எழுதுறாகளே, இவுக என்ன கல்லுக்குள்ளயா குடியிருந்தாக?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

சாபம் விட்ட முனிவரை ஆசிரியர் நல்லவராக்கி, அவர் மனம் வருந்தி அழுவதாக எழுதியிருந்தார். அதற்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவனும் நல்லவன்னா நாம யாரத் திட்டுறது? திட்டுறதுக்கு ஒரு ஆளு வேணாமா?" என்று கேட்டாள். ராவுத்தர்கூட தராசை விட்டுவிட்டுக் கதவோரம் வந்து நின்று சிரித்தார். இப்படித் திட்டிக்கொண்டே எல்லாரும் மறுநாள் மத்தியானம் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள்.

அதே நாட்களில் வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழாவுக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். மூன்று கிளை உள்ள அத்திமரக் கம்பம். ஈசனே அப்படி நிற்பதாக நினைத்து, ஆற்றில் குளித்து ஈரச்சேலையோடு குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுவார்கள். கஸ்தூரியம்மாள் செவ்வாய்க்கிழமைதோறும் பஸ் பிடித்துப் பிறந்த ஊருக்குப் போய் ஊற்றிவிட்டு வருவாள்.

"ஒன் வீட்டுக்காரரு பேரச் சொல்லியும் ஒரு கொடம் ஊத்திட்டு வந்திருக்கேன்" என்று ஒருநாள் சொன்னாள். நான் தலையாட்டினேன். நான் வேதக்காரி. அது அவர்கள் வழக்கம் என்று விட்டுவிட்டேன். கம்பத்துக்கு ஊற்றுகிற தண்ணீரும் கதையில் ஊற்றுகிற தண்ணீரும் அவர்களுக்கு ஒன்றுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். சுலோசனாவுக்குத் தலை நரைத்துவிட்டது. கடைசிக் குடத்தைத் தூக்கி ஊற்றுகிறாள். "கல்லின் இமை அசைந்தது" என்று அச்சில் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தேன். வாய் வேறு சொல்லிற்று.

"தண்ணீர் தலையிலிருந்து வழிந்து தரையில் ஓடியது. கல் கல்லாகவே இருந்தது. அவள் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊரைப் பார்த்து நடந்தாள்."

முற்றும் என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. துக்கமும் இல்லை, கோபமும் இல்லை. அசைகிற இமையை வாசிக்க எனக்கு வாய் வரவில்லை.

கிட்டங்கியில் அத்தனை கையும் நின்றது. இருளம்மாள் அழுதேவிட்டாள். கஸ்தூரியம்மாள் சுளகைத் தள்ளி வைத்தாள்.

"திருப்பி வாசி."

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதே மூன்று வரியைச் சொன்னேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"ஊத்துன தண்ணி வீணாப் போச்சுன்னு ஒரு மனுசன் எழுதுவானா? அதுவும் கம்பம் நட்டிருக்கிற மாசத்துல? பன்னெண்டு வருசம்! அவ இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" கஸ்தூரியம்மாள் என் பக்கம் நகர்ந்து வந்தாள். "எடு காயிதத்த. நான் சொல்றத எழுது."

எழுதினேன். அவள் சொன்னதைப் புத்தகத் தமிழில் போட்டேன், அவ்வளவுதான் என் வேலை. "ஐயா, நீங்கள் அவளுக்குப் பெயர் வைத்தீர்கள், பொறுத்தோம். சாபம் விட்டவனை நல்லவனாக்கினீர்கள், அதையும் பொறுத்தோம். பன்னிரண்டு வருஷம் தண்ணீர் சுமந்தவளை வெறுங்கையோடு அனுப்ப உங்களுக்கு எப்படி மனம் வந்தது? உங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் இல்லையா? எங்களில் ஒருத்தி, சண்டைக்குப் போன வீட்டுக்காரரைக் காணாமல் இருக்கிறாள். அவள் வாயாலேயே இதை வாசிக்க வைத்துவிட்டீர்களே."

கடைசி வரியை எழுதும்போது ஒருதரம் அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல், "எழுது, எழுது" என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. பதினைந்து பேரும் அடியில் கைநாட்டு வைத்தார்கள். அனுப்புகிறவர் என்று கஸ்தூரியம்மாள் பேரைப் போட்டு, புத்தகத்தில் இருந்த விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். இருளம்மாள் கொண்டுபோய்த் தபாலில் போட்டாள். புத்தகத்தை நான் வாசகசாலையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வீரபாண்டித் திருவிழா முடிந்து, வைகாசியும் பாதி போனபிறகு பதில் வந்தது. கஸ்தூரியம்மாள் பேருக்கே வந்திருந்தது. தன் பேருக்குத் தபால் வருவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. உறையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

நான் மனசுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் நான் சொல்வதுதான் கடிதம். ஆசிரியர் மன்னிப்புக் கேட்கிறார், அடுத்த பதிப்பில் மாற்றிவிடுவாராம் என்று சொன்னால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் இன்னொரு தடவை கட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இருந்தபடியே வாசித்தேன்.

"அம்மணிகளுக்கு நமஸ்காரம். உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீங்கள் சொல்லும் முடிவை நான் எழுதவில்லை. கடைசிக் குடத்தில் கல் கண் திறக்கிறது. திறந்ததும் சுலோசனா என்று அவளைக் கூப்பிடுகிறது. அப்படிக் கூப்பிடுவதற்காகத்தான் அவளுக்குப் பெயர் வைத்தேன். உங்கள் பிரதியில் கடைசித் தாள் விடுபட்டிருக்க வேண்டும். வேறு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கணவரைக் காணாமல் இருக்கும் அந்தச் சகோதரிக்கு, என் பொருட்டு அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்."

"அப்பிடிச் சொல்லுங்க! தாளுதான் விட்டுப்போச்சா?" என்று இருளம்மாள் கையைத் தட்டினாள்.

"தாள் விட்டுப்போகல" என்றேன். "புத்தகத்துல சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் மாத்தி வாசிச்சேன்."

இருளம்மாள் தட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். இனி வசவு விழும் என்று நான் கஸ்தூரியம்மாளைப் பார்த்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊருக்கு முன்னால், அதுவும் புத்தகம் எழுதியவருக்கு முன்னால் அவளைப் பைத்தியக்காரி ஆக்கியிருக்கிறேன். அவள் திட்டவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப நீ கொடத்தக் கவுத்துட்டயாத்தா?" என்று மெல்லக் கேட்டாள்.

அவள் கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது. இரண்டு வருஷமாக நான் "வேணாம்" என்று சொன்னது நம்பிக்கையில் சொன்னது இல்லை. கேட்டால் சொல்ல வேண்டிய பதில் என்று சொல்லிப் பழகிவிட்டேன். பீட்டர்ராஜ் வரமாட்டார் என்று எனக்குள் எப்போதோ முடிவாகிவிட்டது. எந்த நாளில் என்றுகூடத் தெரியவில்லை. அந்த நாளில் நான் அழுதிருக்க வேண்டும். ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்திருப்பேன்.

"ஆமா" என்றேன்.

கஸ்தூரியம்மாள் கடிதத்தை வாங்கி மடித்துச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். எல்லாரும் வேலையைப் பார்த்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் மாமியாரும் வாய்க்கால் கரையோடு வந்துகொண்டிருந்தோம். வழக்கமாகக் கேட்கிற இடத்தில் அவர் கேட்டார்.

"சாமியார்ட்ட சொல்லி பீட்டருக்குப் பூசை வச்சிருவமாத்தா?"

இனிமேலும் இவரை ஏமாற்றக்கூடாது என்று நினைத்தேன். இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இரண்டு வருஷமாகக் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

"வச்சிருவோம் அத்தே."

நாலு எட்டு நடந்தபிறகுதான் அவர் கூட வரவில்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். வாய்க்கால் பாலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"நீ வேணாம்னுல்ல சொல்லுவ?" என்றார். அவர் உதடு கோணிக்கொண்டு போயிற்று. "எனக்கு எங்கடி தைரியம் இருந்துச்சு? எம்மவன் இருக்கான்னு சொல்ல இந்த ஊருல நீ ஒருத்திதான் இருந்த. நீ வேணாங்கறதக் கேட்டுட்டுத்தான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போயிச் சோறு திம்பேன்."

அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். அவர் கை சில்லென்று இருந்தது. அதை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தேன்.

"சரி அத்தே, வேணாம். பூசை வேணாம்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் குரலில் எதையோ தேடினார். எழுத்து தெரியாத மனுஷிதான். ஆனால் நான் வெறுமனே வாசிக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். வீடு வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தார்.

அன்றைக்கு அத்தை சாப்பிடவில்லை.