மணல்திட்டில் நீல நாரை

நீல நாரை மணல்திட்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு மணி நேரமாகிவிட்டது. நாற்பத்தாறு பீரங்கி சுமக்கும் மன்னரின் போர்க்கப்பல், கிழட்டுப் பசு போல ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு வரிசைப் பீரங்கி வானத்தைப் பார்த்தது, மறு வரிசை சேற்றைப் பார்த்தது. தெற்கே மூன்று சுவீடன் கப்பல்கள் எதிர்காற்றில் வளைந்து வளைந்து ஏறி வந்துகொண்டிருந்தன. கேப்டன் தோகர் யெஸ்ஸன் தொலைநோக்கியை இறக்கினார். நடுப்பகலுக்குள் வந்துவிடுவார்கள்.

தப்பு அவருடையதுதான். எதிரி துரத்துகிறானே என்று சால்ட்ஹோல்ம் தீவுக்குத் தெற்கே குறுக்கு வழியில் விடச் சொன்னவர் அவர். வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டவர் வழிகாட்டி கிரில்லஸ். மூன்று நாளாக வடமேற்குக் காற்று ஓயாமல் அடித்துத் தண்ணீரையெல்லாம் பால்டிக் பக்கம் துரத்திவிட்டிருந்தது. வழக்கமாக ஆழமாக இருக்கும் இடத்தில் மணல் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.

"திரி போட்டாச்சு கேப்டன்," என்றான் துணை அதிகாரி ஓவே ஊல்டால். "வெடிமருந்தறையிலேருந்து மேல்தளம் வரைக்கும். உங்க ஒரு வார்த்தைதான் பாக்கி."

இருபத்தைந்து வயது, நாலு தலைமுறைப் பிரபு வீட்டுப் பிள்ளை. யெஸ்ஸனைப் போன்ற ஃபானோ தீவுப் படகுக்காரன் மகனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து கறுப்பு ரொட்டி தின்னுகிற குடும்பமில்லை அது. ஆனாலும் யெஸ்ஸன் கப்பலில்தான் வேலை பார்ப்பேன் என்று அடம்பிடித்து வந்திருந்தான். காரணம், யெஸ்ஸனின் கோட்டின் மேல் தொங்கிய தங்கச் சங்கிலி.

அந்தச் சங்கிலியின் கதை கோபன்ஹேகன் சாராயக்கடையில் ஒவ்வொருவனுக்கும் தெரியும். பதினேழு வருடம் முன்பு யெஸ்ஸனின் முதல் கப்பலான வெள்ளை மான் இதே போலத் தரை தட்டியது. எதிரிக்கு ஓர் ஆணிகூடக் கிடைக்கக் கூடாது என்று அவர் தன் கையாலேயே அதைக் கொளுத்தினார். மன்னரின் கப்பலை எதிரியிடம் விட்ட கேப்டனுக்குத் தலை போகும் என்பது கடற்படைச் சட்டம். கொளுத்தியவருக்குச் சங்கிலி கிடைத்தது. அதற்குப் பிறகு அவருக்கு ஏறுமுகம்தான்.

"கீழ எத்தனை பேரு?" என்று கேட்டார் யெஸ்ஸன்.

"காய்ச்சக்காரங்க முப்பத்தெட்டு பேரு. எந்திரிக்க முடியாதவங்க. நம்மகிட்ட இருக்கறது ரெண்டே படகு. தீவுக்குப் போய்த் திரும்ப ஒண்ணரை மணி நேரம். ஆளுங்களைக் காப்பாத்தணும்னா முதல்ல பீரங்கி சுடத் தெரிஞ்சவன், பாய் கட்டத் தெரிஞ்சவன். அவங்க..." ஊல்டால் தயங்கினான். அவன் கெட்டவன் இல்லை, சின்னவன், அவ்வளவுதான். "அவங்கள்ல பாதிப் பேரு எப்படியும் தேற மாட்டாங்கன்னு வைத்தியர் சொல்றாரு."

யெஸ்ஸன் கீழே இறங்கினார்.

கீழ்த்தளத்தில் வினிகர் நெடியும் வாந்தி நெடியும் கலந்து அடித்தன. சாய்ந்த தளத்தில் உருளாமலிருக்க, நோயாளிகளைக் கயிற்றால் தூண்களோடு கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள்.

"கேப்டன்," என்றான் பாய் தைக்கும் பாளே. உதடெல்லாம் வெடித்திருந்தது. "படகு இறக்கற சத்தம் கேக்குது. எங்களுக்கு எப்பங்க?"

"நங்கூரம் எடுத்துட்டுப் போகத்தான் படகு."

"திரி வாசனையும் வருதுங்களே."

யெஸ்ஸன் பாளேயின் கயிற்று முடிச்சைச் சரிபார்த்துவிட்டு ஏணிப் பக்கம் திரும்பினார். வெள்ளை மானில் அவர் கீழே இறங்கவில்லை. "எல்லாரும் இறங்கியாச்சா?" என்று மேலிருந்து கேட்டார். "ஆச்சு" என்று எவனோ சொன்னான். சொன்ன குரலே நம்பும்படி இல்லை என்பது அவருக்குத் தெரியும், நம்பிக்கொண்டார்.

மேலே வந்ததும் நேராக கிரில்லஸிடம் போனார். அமாகர் தீவின் அந்தக் கிழவர் ஒரு நீண்ட கோலைக் கப்பலோரமாக மணலில் குத்தி, முன்பு தண்ணீர் தொட்ட இடத்தில் தாரால் ஒரு கோடு போட்டு, அதையே முறைத்துக்கொண்டிருந்தார். கோட்டுக்கு அரை விரல் கீழே இருந்தது தண்ணீர்.

"இறங்குதா?"

"இறங்கத்தான் செய்யும். காத்து அடிக்குதில்ல?"

"எப்ப ஏறும்?"

"பார்றா, மேற்குக் கரைக்காரரு மறுபடியும் ஏத்தவத்தக் கணக்குக் கேக்குறாரு!" கிழவர் புகையிலையைத் துப்பினார். "உங்க ஊருல கடல் நாளைக்கு ரெண்டு தடவை வேலைக்கு வந்துட்டுப் போகும் கேப்டனையா. இந்தப் பக்கத்துக் கடலுக்கு அந்த ஒழுக்கமெல்லாம் கெடையாது. நிலா சொன்னா கேக்காது, காத்து சொன்னாத்தான் கேக்கும். காத்து விழுந்தா, தொரத்தின தண்ணி திரும்பி வரும்."

"வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம்."

"வரும்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்யா."

"பொய் சொல்றதுக்கு எனக்கு யாரும் கூலி தர்றதில்ல."

யெஸ்ஸனுக்கு வலித்தது. இந்தக் கடல் காற்றுக்குத்தான் கேட்கும் என்பதை அவர் பதினேழு வருடம் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். கடல் நேரம் தவறாமல் வந்து போகும் ஃபானோவில் பிறந்து, அதே போல வந்து போகும் டச்சுக் கடலில் எட்டு வருடம் தொழில் கற்றவர் அவர். வெள்ளை மான் தரை தட்டியபோது நிலாவைப் பார்த்துக் கணக்குப் போட்டு, "நாலு மணிக்குத் தண்ணி வரும், எல்லாரும் சாப்பிடுங்க" என்றார். நாலு மணி ஆனது, ஐந்தும் ஆனது. தண்ணீர் வரவில்லை, எதிரி வந்தான். திரியைப் பற்ற வைத்தார்.

பிறகு படகில் உட்கார்ந்து பார்த்தார். காற்று எப்போதோ விழுந்திருந்தது. சத்தமில்லாமல் தண்ணீர் ஏறியது. எரிந்துகொண்டிருந்த வெள்ளை மான் தானாகவே மணலை விட்டு எழுந்து, மிதந்து, மெல்ல நகர்ந்து போனது. உள்ளேயிருந்து கேட்ட சத்தத்தைப் படகிலிருந்த எல்லோரும் கேட்டார்கள். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சரியாகப் பதினோரு மணிக்கு நீல நாரையின் கொடி தொங்கிப்போனது.

"காத்து விழுந்துடுச்சு!" என்று எவனோ கத்தினான். கப்பலே ஒரு கணம் மூச்சை இழுத்தது. தெற்கே சுவீடன் கப்பல்களின் பாய்களும் தொங்கின. ஆனால் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒன்பது படகுகளை இறக்கி, துப்பாக்கிக்காரர்களை ஏற்றித் துடுப்புப் போடத் தொடங்கினார்கள்.

யெஸ்ஸன் பின்பக்கம் தொலைவில் நங்கூரத்தை இறக்கச் சொல்லி, அதன் வடத்தைத் தளத்துச் சுழல்உருளையில் மாட்டி, கப்பலை மணலை விட்டு இழுக்க எண்பது பேரை உருளையைச் சுற்றும் கம்பிகளில் நிறுத்தினார். தள்ளினார்கள். வடம் கம்பியாக விறைத்தது. கப்பல் அசையவில்லை.

"கோல்?"

"கோட்டுக்கே வரல," என்றார் கிரில்லஸ்.

படகுகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. துடுப்புகளின் தாளம் கேட்டது. ஊல்டால் புகையும் திரிக்கம்பை ஏந்தி வந்தான்.

"கேப்டன், இனிமே தாமதிச்சா கொளுத்தவும் நேரம் இருக்காது. கப்பலும் போயிடும், உங்க தலையும் போயிடும்."

"கீழ முப்பத்தெட்டு பேரு கட்டிக் கெடக்கறாங்க ஊல்டால்."

"வெள்ளை மான்ல நீங்க..." அவன் திரிக்கம்பைத் தாழ்த்தினான். "அங்க எல்லாரையும் இறக்கிட்டுத்தானே கொளுத்தினீங்க? அறிக்கையை நான் படிச்சிருக்கேன். மனப்பாடமாத் தெரியும்."

யெஸ்ஸன் அவனைப் பார்த்தார். பிறகு அவன் கையிலிருந்த திரிக்கம்பை வாங்கி, பக்கத்துத் தண்ணீர் வாளியில் முக்கினார். அது சீறி அணைந்தது. அதே வாளியைத் தூக்கித் தளத்தில் ஓடிய திரியின் மேல் கொட்டினார்.

"இப்ப கொளுத்தறதுக்கு ஒண்ணுமில்ல. போ, நீயும் கம்பியைப் பிடிச்சுத் தள்ளு."

நாலு தலைமுறைப் பிரபு வீட்டுப் பிள்ளை வாயைப் பிளந்து நின்றான். பிறகு கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கருவாட்டு நாற்றமடிக்கும் மாலுமிகளுக்கு நடுவே போய்க் கம்பியில் தோளைக் கொடுத்தான்.

முதல் குண்டுகள் பக்கப் பலகையில் தைத்தன. கம்பியிலிருந்த ஒருவன் சத்தமில்லாமல் மடங்கி விழுந்தான், இன்னொருவன் அவன் இடத்துக்குப் போனான். யெஸ்ஸன் கோலைப் பார்க்கவில்லை. பார்த்தால் தைரியம் போய்விடும் என்று பயந்தார்.

"கோட்டுக்கு வந்துடுச்சு," என்றார் கிரில்லஸ். கொஞ்சம் கழித்து, "ஒரு விரல்." பிறகு கிழவரின் குரல் உயர்ந்தது. "ரெண்டு! நாலு விரல்! தள்ளுங்கடா சோம்பேறிப் பயலுகளா, ஊரைச் சுத்தப் போன தண்ணி வீட்டுக்கு வருதுடா!"

கப்பலின் அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. சாய்ந்த தளம் அங்குலம் அங்குலமாக நிமிர்ந்தது. வானத்தைப் பார்த்த பீரங்கிகள் தலையைத் தாழ்த்தின, சேற்றைப் பார்த்தவை நிமிர்ந்தன. முன்படகிலிருந்த சுவீடன்காரர்கள் ஏணி போடும் தூரத்துக்கு வந்திருந்தார்கள். இருபத்துமூன்று பீரங்கி வாய்கள் தங்கள் முகத்துக்கு நேரே வந்து நிற்பதைப் பார்த்ததும் அவர்கள் துடுப்பை மாற்றிப் போட்டார்கள். ஒரே ஒரு சுற்றுதான் சுட வேண்டியிருந்தது.

மூன்று வாரம் கழித்து, கோபன்ஹேகன் கடற்படைத் தளத்தில் ஏழு அதிகாரிகள் முன்னால் விசாரணை நடந்தது. எல்லோரும் நல்ல மனநிலையில்தான் இருந்தார்கள். கப்பல் தப்பிவிட்டது. முப்பத்தெட்டுப் பேரில் நாலு பேர் காய்ச்சலில் இறந்தார்கள், மற்றவர்கள் நடந்து கரையேறினார்கள். சட்டப்படி ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"எதிரி துப்பாக்கி தூரத்துக்கு வந்தும் நீங்க கொளுத்தல," என்றார் தலைமை அதிகாரி. பிறகு அவரே பதிலையும் எடுத்துக் கொடுத்தார். "தண்ணி வரும்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருக்கும். அப்படித்தானே? ஆமான்னு சொல்லுங்க, எழுதிக்கட்டும். இன்னொரு சங்கிலிக்குக் கழுத்தைத் தயார் பண்ணுங்க."

எழுத்தர் இறகை மையில் தொட்டு வைத்துக்கொண்டார். சாட்சி வரிசையில் ஊல்டால் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான்.

"தெரியாதுங்க," என்றார் யெஸ்ஸன்.

"தெரியாம எப்படி மன்னர் கப்பலைப் பணயம் வெச்சீங்க?"

"போன தடவையும் தெரியாது. கொளுத்தினேன். கொளுத்திக் கால்மணி நேரத்துல தண்ணி வந்துச்சு. வெள்ளை மான் எரிஞ்சுகிட்டே மிதந்து போச்சு. உள்ள பதினோரு பேரு இருந்தாங்க. யாருமில்லேன்னு அறிக்கை எழுதினது நான்."

ஊல்டாலின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. தலைமை அதிகாரி எழுத்தரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். இறகு நின்றது.

"யெஸ்ஸன், இது அந்த வழக்கு இல்ல. யாரும் உங்களைக் கேக்கல. உக்காருங்க."

யெஸ்ஸன் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, "அனர்ஸ் பூல். ஹான்ஸ் கீட். மிக்கெல் தோம்மசன், ரிபே ஊர்க்காரன்..." என்று சொல்ல ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க! இதெல்லாம் பதிவாகாது!"

பதிவாகவில்லை. ஏழு அதிகாரிகளில் மூவர் எழுந்து வெளியே போனார்கள். யெஸ்ஸன் அவசரப்படாமல், இறந்த ஒவ்வொருவனையும் ஊரோடு சேர்த்துச் சொன்னார். ஏழாவது பெயரில் ஊல்டால் எழுந்தான். அவனும் போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் எழுத்தரின் மேசைக்கு வந்து, இறகையும் ஒரு தாளையும் எடுத்து, நின்றபடியே எழுதத் தொடங்கினான்.

"முதல் ஆறு பேரை இன்னொரு தடவை சொல்லுங்க கேப்டன்," என்றான்.

பொய் அறிக்கையை ஒப்புக்கொண்டவர் இனிமேல் கேப்டன் இல்லை, அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யெஸ்ஸன் முதலிலிருந்து சொன்னார்.