எதிர்ப் பக்கத்துப் பலகை

இப்போதெல்லாம் கூட்டத்துக்குள் வந்தால் ஒருத்தனும் தொப்பியைக் கழற்றுவதில்லை. விதைக் கம்பெனி இனாமாகக் கொடுத்த தொப்பி. அதோடேயே பிறந்தவன் மாதிரி உட்கார்ந்துகொண்டு, மேடையில் ஒருவர் பேசப் பேசப் போனைத் தடவுகிறான். வெர்லின் ஹார்ம்ஸ் தன் தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் பார்க்க உள்ளூர்க்காரர்கள் உட்காரும் பக்கம், மூன்றாவது படி, தூணை ஒட்டிய இடம். மகன் இங்கே பந்தாடிய காலத்திலிருந்து அவரும் மனைவி ஆர்டிஸும் உட்கார்ந்த இடம். ஆர்டிஸ் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்தன்று அவருக்கு அழுகை வரவில்லை. இன்று தூண் பக்கத்தில் அவள் இடம் காலியாக இருந்தது. காலியாக இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

நடுவில் மைக்கோடு நின்றவர் மாநில சட்டமன்ற உறுப்பினர் ஷெரில் ப்ராண்ட். இல்லினாய் மாநிலத்தில் வருமான வரியை ஏற்றப்போகிறார்களாம். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடங்களை நடத்திவிட்டு, வீட்டுக்கும் வயலுக்கும் போடும் சொத்து வரியைக் குறைப்பார்களாம்.

வெர்லினுக்கு வயல் இருந்தது, வருமானம் இல்லை. ஜூன் மாதச் சொத்து வரியைக் கட்ட வீட்டை ஒட்டிய மேற்கு வயலை விற்றாக வேண்டும். அதை வாங்கப்போகிற பக்கத்து வயல்காரர் லாவெர்ன் மறுபக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

“உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான் மிஸ்டர் ஹார்ம்ஸ் இந்தத் திட்டமே” என்றார் ஷெரில்.

“மேடம், லாட்டரி கொண்டுவந்தப்பவும் பள்ளிக்கூடத்துக்குன்னுதான் சொன்னாங்க. நானும் சீட்டு வாங்கினேன். கூரை இன்னும் ஒழுகுது.”

எல்லோரும் சிரித்தார்கள். பந்து வளையத்துக்குக் கீழே வைத்திருந்த வாளியில் சொட்டு விழுந்தது.

“இந்தத் தடவ சட்டத்துலயே எழுதி வெப்போம்.”

“எழுதுறதும் நீங்க, அழிக்கிறதும் நீங்க. வருமான வரி ஏறும், அது நிச்சயம். மத்தது இறங்கினப்புறம் சொல்லுங்க.”

ஷெரில் வேறு ஊர்க்காரர். கை தூக்கச் சொன்னால் எண்ணுவது கஷ்டம் என்று நினைத்தாரோ என்னவோ, “ஆதரிக்கிறவங்க இந்தப் பக்கமே இருங்க. வேண்டாங்கறவங்க எதிர்ப் பக்கம் போய் உட்காருங்க” என்றார்.

யாரும் அசையவில்லை. எதிர்ப் பக்கம், ஆட்டத்தில் இந்த ஊருக்குப் பரம எதிரிகளான மார்ஷ்டன் ஊர்க்காரர்கள் உட்காரும் பக்கம். ஏரிக்கரையில் புதிதாக வீடு கட்டிய புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் எழுந்து, விவரம் தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்தார்கள்.

“எந்திரிடா வெர்லின்” என்று லாவெர்ன் முழங்கையால் இடித்தார். “வாய் கிழியப் பேசினியே!”

“நீ போயேன். நீயுந்தான் வேண்டாங்கற ஆளு.”

“மார்ஷ்டன்காரன் குண்டி வெச்ச பலகையிலயா? எங்கப்பன் குழியிலருந்து எந்திரிச்சு வந்து ஒதைப்பான்.”

வெர்லின் எதிர்ப் பக்கத்தைப் பார்த்தார். போய்விடலாம்தான். தூண் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தார். போனால் இரண்டு இடம் காலியாகும் என்று தோன்றியது. தொப்பியை முழங்காலில் அழுத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

“ஊரே ஆதரவு!” என்றார் ஷெரில். படியேறி வந்து வெர்லினின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உங்க மனசும் மாறினதுல ரொம்ப சந்தோஷம்.”

இல்லை என்று சொல்வதற்குள் ஷெரில் அடுத்த ஆளின் கையைக் குலுக்கப் போய்விட்டார். அந்தக் கை சூடாக இருந்ததா என்று பிறகு யோசித்தும் அவருக்கு நினைவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது. லாவெர்ன் பின்னாலேயே ஓடிவந்தார்.

“டேய், ஒருவேளை இந்தச் சட்டம் வந்துட்டா வயல விக்க மாட்டே, இல்ல?”

“வராது.”

“வந்துட்டா?”

“வந்தாலும் அந்த வரிய வேற பேருல வாங்கிடுவானுங்க. நீ ஜூன்ல பணத்தோட வா.”

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தன் வண்டியைப் பார்த்து நடந்தார்.