வழியில் நின்றவன்

கல்லறைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றான் ரியோஹெய். மாமியார் ஃபுசாயே ஊதுபத்தியைச் செருகிவிட்டு, "ஏறிக்கோடி சிஹாரு, வீட்டுக்குப் போலாம்," என்றாள்.

ஓபோன் நாட்களில் இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து தங்குவார்கள். அவர்களைக் குழந்தையைப் போல முதுகில் சுமந்து வருவது ஃபுசாயே பிறந்த மலையூரின் வழக்கம். நாகசாகிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சிஹாரு போய்ப் பத்து மாதம். இது அவளுக்கு முதல் ஓபோன்.

கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டான். முதுகில் ஒரு கனமும் தெரியவில்லை. பத்து மாதமாகவே அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. மனைவியை எரித்துச் சாம்பலை இந்தக் கல்லறையில் வைத்த அன்றுகூட அழவில்லை. இன்றாவது ஓர் இலையின் கனமாவது முதுகில் தெரிய வேண்டும், அது போதும் என்றுதான் வந்திருந்தான்.

"ஏறிட்டாளா மாப்ள?"

"ம்."

"பொய் சொல்ல வராதுல்ல உங்களுக்கு, எதுக்கு சொல்றீங்க? நான் பஸ்ல முன்னாடி போயி விளக்கு ஏத்துறேன். நீங்க நடந்தே கூட்டிட்டு வாங்க, பஸ்னா அவளுக்கு வாந்தி வரும். வழியில மட்டும் எங்கயும் நிக்காதீங்க. நின்னா இவ எறங்கிப் போயிருவா. வேற ஏதாவது ஏறிக்கும். கூப்புட ஆளில்லாததுங்க இந்த ஊர்ல எவ்வளவோ கெடக்கு."

படிகள் இறங்கி, தெருக்களைக் கடந்து ஆற்றுப் பாலத்துக்கு வந்தான். எதிரே இனாசா மலையில் ரோப் கார் ஏறிக்கொண்டிருந்தது. அந்த மலையடியில் பிறந்து வளர்ந்தவள் சிஹாரு. ஒரு தடவைகூட ஏறியதில்லை. "அது வெளியூர்க்காரங்களுக்கு," என்பாள். கடைசியில் ஆஸ்பத்திரி ஜன்னலில் அதைப் பார்த்துவிட்டு, "இங்கேருந்து வெளிய வந்ததும் ஒரு தடவ போலாங்க," என்றாள்.

கால்கள் அந்தப் பக்கம் திரும்பின.

"எத்தனை பேரு?" என்றாள் டிக்கெட் கொடுக்கும் பெண்.

"ரெண்டு."

அவள் அவன் கைகள் இருந்த விதத்தைப் பார்த்தாள். அன்று ஓபோன் என்பது அவளுக்கும் தெரியும்; சிரிக்கவில்லை. "ஒண்ணு போதும். அவங்களுக்கு இங்க டிக்கெட் கெடையாது," என்றாள்.

வண்டியில் உல்லாசப் பயணிகள் ஜன்னலை அடைத்து நின்றார்கள். "இடுப்புப் பிடிப்பா தம்பி?" என்று ஓர் அம்மாள் அவனுக்கு இடம் விட்டாள்.

உச்சியில் துறைமுகம் முழுதும் தெரிந்தது. கப்பல்கள், கிரேன்கள், சரிவெல்லாம் வீடுகள், வீடுகளுக்கு மேல் கல்லறைகள். ஓபோனுக்காகக் கல்லறைகளில் பட்டாசு வெடித்துப் புகை எழுந்தது. கையை விட முடியாததால் அவன் மோவாயால் காட்டினான்.

"அந்தா பாரு, கிரேனுக்கு எடப்பக்கம் நம்ம வீடு. இங்கேருந்து பாத்தா கூரை எவ்வளவு அசிங்கமா இருக்கு."

அப்போது முதுகில் கனம் ஏறியது.

வலது தோளில் ஒரு மோவாய் படிந்தது. கழுத்தில் மூச்சு பட்டது. தடுப்புக் கம்பியைப் பார்த்து நின்று, பயணிகள் விலகிப்போகும்படி ரியோஹெய் அழுதான். கனம் சிஹாருவை விடக் குறைவாக இருந்தது. நோய் தின்றது போக மிச்சம் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டான்.

இறங்கி வந்து வீட்டுப் படிகளில் மூச்சு வாங்க ஏறினான். ஃபுசாயே வாசலுக்கு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"எங்க போயிட்டீங்க மாப்ள? வெளக்கு ஏத்துன கையோட அவ வந்துட்டா. எப்பவும் போல ரெண்டு ரெண்டு படியா ஓடி வர்ற சத்தம். பார்லி டீ பாதி குடிச்சாச்சு. தனியா வந்துட்டேனேன்னு அவ உங்களத்தான் தேடி..."

கூனியிருந்த அவன் முதுகையும், பின்னால் கோத்த கைகளையும் பார்த்தாள்.

"வழியில நின்னீங்களா?"

அவன் முதுகுச் சுமையைக் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டான்.

வாசலோரம் தாமரை இலையில் சோறும் நறுக்கிய கத்தரிக்காயும் இருந்தன. வீடில்லாத ஆவிகளுக்கு வெளியே வைப்பது. ஃபுசாயே குரலைத் தாழ்த்தினாள். "யாரு பெத்த புள்ளையோ. இங்க எறக்கிவிடுங்க. விட்டுட்டு உள்ள வாங்க, அவ காத்துட்டிருக்கா."

ரியோஹெய் இலைக்குப் பக்கத்தில் மெல்லக் குத்துக்காலிட்டான். உள்ளே, காற்று இல்லாத கூடத்தில், ஜன்னலில் தொங்கிய காற்றுமணி ஒரு தடவை ஒலித்தது.

கழுத்தில் அந்த மூச்சு சூடாக இருந்தது. கோத்த விரல்களை அவன் பிரிக்கவில்லை.

"இது சாப்பிட்டு முடிக்கட்டும் அத்தை," என்றான்.