ஆறு மணிக்குள் தோற்க வேண்டும்

ஃபின்டன் ஹெஷன் பதினோரு வருஷமாக, மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தவறாமல் போக்கரில் தோற்று வருபவன். மற்ற நாட்களில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் டேங்கர் ஓட்டுகிறான். ஹோட்டல் மாடியில், கல்யாண விருந்து நடக்கிற அறையில், மதியம் ஒரு மணிக்குப் போட்டி தொடங்கும். நுழைவு முப்பது யூரோ. நாற்பது பேர் வருவார்கள். மூன்று மணிக்கெல்லாம் அவன் வெளியேறி, கீழே பாரில் ஒரு தேநீரோடு, “அந்த ராணி மட்டும் விழுந்திருந்தா...” என்று யாரையாவது பிடித்துக்கொண்டிருப்பான். மாடிப்படியோரம் ஜெயித்தவர்களின் பெயர் பொறித்த மரப்பலகை தொங்குகிறது. ஊரில் பாதிப் பேர் அதில் இருக்கிறார்கள். பழைய பங்குச் சாமியார்கூட இருக்கிறார். ஃபின்டன் இல்லை.

ஆகவே அன்று காலை மனைவி பிரீடாவிடம், “நாலு மணிக்கு வீட்டுல இருப்பேன்” என்று சொன்னபோது அவன் பொய் சொல்லவில்லை. தன் திறமை தெரிந்துதான் சொன்னான்.

சாயங்காலம் ஆறரைக்கு கில்மோர் கோயிலில் பிரீடாவின் அப்பா பார்ட்லிக்கு முதல் மாத நினைவுப் பூசை. பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்க வேண்டியவன் ஃபின்டன். அவனாகக் கேட்டு வாங்கிய வேலை அது. பார்ட்லி கண்ணை மூடிய சனிக்கிழமை அவன் இதே மாடியில் சீட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தான். போன் கோட்டுப் பையில், கோட்டு கதவருகே கொக்கியில். பிரீடா பதினான்கு தடவை அழைத்திருக்கிறாள். அதைப் பற்றி அவள் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு பேச்சுப் பேசி, ரெண்டு தட்டை உடைத்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். அது நாள் பார்த்துக் கொடுக்கக் கூடாதா? இரண்டரைக்கு அவனுக்கு ராஜா ஜோடி வந்தது. மூன்றேகாலுக்கு ஒரே சாதியில் ஐந்து சீட்டு சேர்ந்து, இரண்டு பேரை ஒரே அடியில் வீட்டுக்கு அனுப்பினான். ஐந்து மணிக்குக் கடைசி மேசை. பதினோரு வருஷத்தில் அந்த மேசையின் நாற்காலி எப்படியிருக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. சாய்வு கொஞ்சம் ஆடியது. ஐந்தரைக்கு ஆறு பேர் மிச்சம். மேசையிலிருந்த பந்தய வில்லைகளில் பாதிக்கு மேல் அவன் முன்னால் கோபுரம் கோபுரமாக நின்றன.

போன் இன்று தொடை மேலேயே இருந்தது. ‘கொஞ்சம் லேட்டாகும், வந்துடுவேன்’ என்று நாலரைக்கு அனுப்பியிருந்தான். அவள் பார்த்துவிட்டாள். பதில் இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தான். திட்டி ஒரு வரி வந்திருந்தால்கூட அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பான்.

“கால ஆட்டாதடா. மேசையே நடுங்குது” என்றாள் இடப்பக்கம் இருந்த கன்செப்டா கிளின். ஓய்வுபெற்ற நர்ஸ். அந்த மேசையில் இருந்த எல்லார் கையிலும் எப்போதாவது ஊசி குத்தியவள்.

“ஆறரைக்குப் பூசை இருக்கு, கன்செப்டா.”

“தெரியும். பார்ட்லிக்குத்தான. நானும் போயிருப்பேன், உன்ன மாதிரி ஒருத்தன் எல்லா வில்லையையும் வாரி வச்சுக்கலன்னா.”

கோயில் பதினெட்டு கிலோமீட்டர். ஆறு மணிக்குக் கிளம்பினால் போதும். அதற்குள் தோற்றுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று ஃபின்டன் கணக்குப் போட்டான். தோற்பது அவனுக்குத் தெரியாத வித்தையா என்ன? அடுத்த கை போட்டதும் தன் இரண்டு சீட்டையும் தொடாமலே, “ஆல்-இன்” என்று மொத்தக் கோபுரத்தையும் நடுவில் தள்ளினான். மேசைக் கோடியில் இருந்த கொத்தனார் ஒருவர் ஆனந்தமாகத் தன்னிடம் இருந்ததையெல்லாம் தள்ளினார். சீட்டைத் திறந்தார்கள். அவரிடம் ராணி ஜோடி. ஃபின்டனிடம் ஏழும் இரண்டும்; போக்கரில் அதைவிடக் கேடுகெட்ட கை கிடையாது. நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அதில் இரண்டு ஏழு; மூன்று ஏழுக்கு முன்னால் ராணி ஜோடி நிற்காது.

கொத்தனார் எழுந்து, ஒரு முறை கூரையைப் பார்த்து, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டுப் போனார்.

கன்செப்டா அவன் பக்கம் குனிந்தாள். “நீ சீட்டப் பாக்கல.”

“பாத்தேன்.”

“முப்பது வருஷம் ஊசி போட்டவ நான். எவன் கண்ண மூடுறான், எவன் மூடுற மாதிரி நடிக்கிறான்னு எனக்குத் தெரியும். போகணும்னா எந்திரிச்சுப் போ. எவனாவது ஒருத்தன் மடியில எல்லாத்தையும் கொட்டிட்டுப் போனா மத்தவங்கல்லாம் இளிச்சவாயங்களா? ஒரு மணியிலேருந்து உக்காந்திருக்கோம்.”

அவள் சொன்னது நியாயம். அவனுக்குக் காது சுட்டது. சீட்டும் போட்டுப் போட்டியையும் நடத்துகிற மார்ட்டியிடம் மெதுவாகக் கேட்டான்: “பாதியில எந்திரிச்சுப் போனா என்ன ஆகும்?”

“நீதான் போவ, வில்லை போகாது. இங்கயே நிக்கும். உனக்கும் சீட்டுப் போடுவேன், உன் முறை வந்ததும் எடுத்துடுவேன். சுத்து வரும்போது கட்டாயப் பந்தயத்த உன் கோபுரத்துலேருந்து உருவிக்குவேன். தீந்தா தீந்துச்சு.”

“தாராளமாப் போங்க” என்றான் வலப்பக்கம் இருந்த டைக். கூரை போடும் பையன். சீட்டு வந்தால் கோழி அடைகாக்கிற மாதிரி அதன் மேல் குனிந்து யோசிப்பான். “உங்க வில்லைய எங்க சொந்தப் புள்ள மாதிரிப் பாத்துக்குறோம்.” எல்லாரும் சிரித்தார்கள்.

“இன்னும் ஒரே ஒரு கை” என்றான் ஃபின்டன்.

அந்தக் கையிலும் “ஆல்-இன்” என்று தள்ளினான். கேட்டால், இம்முறையும் பார்க்காமல்தான் தள்ளினேன் என்று சொல்வான். ஆனால் கட்டைவிரல் சீட்டின் ஓரத்தை ஒரு நூல் தூக்கியிருந்தது. இரண்டு ராஜா முகம் தெரிந்திருந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? மற்ற நால்வரும் பயந்து சீட்டைக் கவிழ்த்தார்கள். வில்லைகளை இழுத்துக்கொண்டபோது ஃபின்டனுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. தோற்கத்தானே உட்கார்ந்திருக்கிறோம், ஏன் இப்படிச் சந்தோஷப்படுகிறோம் என்று அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது. மாடிப்படிப் பலகையில் தன் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதுவரை அவன் போய்விட்டிருந்தான்.

மார்ட்டி அடுத்த கையைப் போட்டு முடிக்கவும், கீழே பார் டிவியில் ஆறு மணி ஜெப மணி அடிக்கவும் சரியாக இருந்தது. கன்செப்டா சிலுவை போட்டுக்கொண்டாள். மார்ட்டி சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தினான். மணி ஓயும்வரை யாரும் பந்தயம் கட்டவில்லை; அந்த மேசையில் அது வழக்கம்.

அந்த அமைதியில் ஃபின்டன் சீட்டைப் பார்த்தான். ஆஸ். இன்னொரு ஆஸ். அதற்கு மேல் ஒரு ஜோடி சீட்டுக்கட்டிலேயே இல்லை.

மணி ஓய்ந்தது. முதலில் பேச வேண்டியவன் டைக். அவன் சீட்டின் மேல் குனிந்துகொண்டான். வில்லைகளை ஒரு முறை எண்ணினான். திருப்பி அடுக்கினான். மறுபடி எண்ணினான். தள்ளப் போகிறான் என்பது மூக்கு நுனி சிவந்ததிலேயே தெரிந்தது. அவன் தள்ளினால் ஃபின்டனும் தள்ளலாம், டைக்கின் கதை முடியும், பிறகு எதிரில் மூன்றே பேர். ஒரு நிமிஷம்தான். இந்தக் கை மட்டும் முடியட்டும்.

போன மாதமும் இதையேதான் சொல்லிக்கொண்டான். அதுதான் அவன் யாரிடமும் சொல்லாதது. கோட்டுப் பையில் போன் அடித்தது அவனுக்குக் கேட்டது. முதல் தடவையே கேட்டது. கதவுப் பக்கம் பார்த்து, இந்தக் கை முடியட்டும் என்று திரும்பிக்கொண்டான். அது ஒன்பதும் எட்டுமாகச் சல்லிக்காசு பெறாத கை. கோட்டை எடுத்தபோது பார்ட்லி போய் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

ஃபின்டன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான்.

“எந்திரிச்சா கை செத்துடும்” என்றான் மார்ட்டி. “நல்லா யோசிச்சுக்கோ.”

“எடுத்துக்கோ.” இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடியே நகர்த்திவிட்டான். என்ன சீட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. படியிறங்கும்போது பலகையைப் பார்க்காமல் இறங்கினான்.

வழியெல்லாம் சாண டேங்கர் இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர் முன்னால் போயிற்று. வழக்கமாக மற்றவர்களை இப்படி மறித்துக்கொண்டு போகிறவன் இவன்தான். ஸ்டியரிங்கைக் குத்தினான், பார்ட்லியிடம் மன்னிப்புக் கேட்டான், டிராக்டர்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்தான். கோயிலுக்குள் நுழைந்தபோது சாமியார் ஆரம்ப ஜெபத்தை முடித்துக்கொண்டிருந்தார். முதல் பெஞ்சில் பிரீடா. அவள் பக்கத்தில் அவள் சித்தி மகள் அட்ராக்டா. அட்ராக்டாவின் கையில் ஒரு தாள்.

நடுவழியில் நடந்து வரும்போதே அது என்ன தாள் என்று ஃபின்டனுக்குப் புரிந்துவிட்டது. அவன் சட்டைப்பையில் இருந்த அதே வாசகம். வரமாட்டான் என்று பிரீடா மாற்று ஆள் வைத்திருந்தாள். நாலரைக்குச் செய்தி அனுப்பிய பிறகு வைத்ததல்ல. தாள் நாலாக மடித்து மடிப்பெல்லாம் நைந்திருந்தது. அட்ராக்டா ஒரு வாரமாவது ஒத்திகை பார்த்திருக்கிறாள். எழப்போன அட்ராக்டா, பிரீடாவைப் பார்த்தாள். பிரீடா திரும்பி, கணவனை மேலும் கீழும் பார்த்து, மெல்லத் தலையசைத்தாள். அட்ராக்டா உட்கார்ந்துகொண்டாள். ஃபின்டன் படியேறி வாசித்தான். மூச்சு வாங்கியதில் இரண்டு இடத்தில் தடுமாறினான்.

பூசை முடிந்து பக்கத்து மண்டபத்தில் தேநீரும் ஹாம் சாண்ட்விச்சும். ஏழே முக்காலுக்குக் கன்செப்டா வந்து சேர்ந்தாள். நேராக பிரீடாவிடம் போய்க் கையைப் பிடித்து அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, ஃபின்டனிடம் பரிசுப் பணம் வைத்த ஒரு உறையை நீட்டினாள்.

“இரண்டாம் இடம். நீயில்ல, உன் நாற்காலி. மார்ட்டி உருவ உருவ உன் கோபுரம் கரையவே மாட்டேங்குது. நாங்க நாலு பேரும் அத யாரு திங்கிறதுன்னு ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்கிட்டோம். டைக்தான் முதல்ல போனான். கடைசியில நானும் நாற்காலியும் மட்டும். எங்க ஜெயிச்சுடுமோன்னு பயந்தே போயிட்டேன்.”

“அப்ப பலகையில உங்க பேரா?”

“பின்ன நாற்காலி பேரா? பதினோரு வருஷத்துல நீ ஆடின ஆட்டத்துலயே இதுதான் நல்ல ஆட்டம்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிரீடா சிரிக்கவில்லை. கன்செப்டா சாண்ட்விச் எடுக்க நகர்ந்த பிறகு, கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள்:

“நம்ம வீட்டுலயும் மாசம் ஒரு சனிக்கிழம காலி நாற்காலிதான் என்கூட உக்காந்துச்சு. அப்பா போன அன்னிக்கும் அதுதான். அது எனக்கு ஒண்ணும் ஜெயிச்சுக் குடுக்கல, ஃபின்டன்.”

கையில் ரெண்டு ஆஸ் இருந்தது பிரீடா, போட்டுட்டு வந்தேன் என்பது நாக்கு நுனிவரை வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சீட்டுக் கையின் கதையைச் சொல்லாமல் விழுங்கினான். அதற்குப் பதில் வேறொன்று சொன்னான்.

“அன்னிக்குப் போன் அடிச்சது எனக்குக் கேட்டுச்சு.”

பிரீடா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “நீயாச் சொல்றியான்னு பாத்தேன்.”

பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஃபின்டன் உட்கார்ந்தான்.