முப்பத்து மூன்று சொடக்கு

1

இந்தக் கதை ஓர் அடித்த வரியிலிருந்து வந்தது. என் எலக்ட்ரானிக்ஸ் மாலை வகுப்பு நோட்டில், ஜூலை 9: "மிஸ்ரியா தப்பா எண்ணுதா." கோடு போட்டிருக்கிறேன். ஆனாலும் படிக்க முடிகிறது.

முதலில் எழுதிய தொடக்கம்: "குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்த ஒரு மாலையில்..." [வேண்டாம். தென்காசியில் எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறோம்.]

இரண்டாவது: ரோட்டரி என்கோடர் ஒரு குமிழ். ரேடியோவின் வால்யூம் குமிழ் ஓரிடத்தில் முட்டி நிற்கும், இது நிற்காது. எந்தப் பக்கம் திருப்பினோம், எத்தனை சொடக்கு* என்பதை மட்டும் சொல்லும்.

* திருப்பும்போது விரலில் படும் 'டிக்'. வகுப்பெடுக்கும் பெலிக்ஸ் சார் கிளிக் என்பார். சொடக்கு என்பது மிஸ்ரியாவின் சொல்.

2

மிஸ்ரியா என் பெஞ்சுக்காரி. கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். பக்கவாதத்தில் அவள் உம்மாவுக்கு வலது கை விழுந்துவிட்டது. தொழுகைக்குப் பின் முப்பத்து மூன்று முறை ஓதி எண்ண உருட்டும் தஸ்பீஹ் மணி இடது கையில் நழுவுகிறது. மேசையில் பதித்த குமிழ் என்றால் திருப்பி எண்ணலாம் என்று அவள்தான் யோசித்தாள். புரோகிராம் நான் எழுதினேன்.

அவள் வாய்க்குள் ஓதிக்கொண்டே முப்பத்து மூன்று சொடக்கு திருப்பினாள். எண் காட்டும் சின்னத் திரையில் முப்பத்தாறு. மறுபடி திருப்பச் சொன்னேன். முப்பத்தைந்து. எண்ணும்போது கவனம் எங்கேயாவது போகிறதா என்று நான் அவளிடம்... [இந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருக்கிறது.]

"ஏட்டி, இது அஞ்சு வேளையும் எண்ணுத விரலு," என்றாள். "குறைச்சுக் காட்டுனாக்கூட உம்மா இன்னும் ரெண்டு ஓதிக்கிடுவாங்க. கூட்டிக் காட்டுனா, ஓதாதத ஓதுனதா ஆக்கிப்புடும்லா. இத உம்மாகிட்ட குடுக்க மாட்டேன்."

3

மூன்று மாலைகள் ஒவ்வொரு சொடக்காகத் திருப்பிக் குறித்தேன். அவள் எண்ணியது சரி. குமிழுக்குள் இருக்கும் சிறு தகடுகள் ஒன்றையொன்று தொடும்போது துள்ளுகின்றன என்று பெலிக்ஸ் சார் சொன்னார். அந்தத் துள்ளலையும் என் புரோகிராம் சேர்த்து எண்ணியிருக்கிறது. ஒரு சொடக்கு முழுதாக முடிந்த பிறகே எண்ணும்படி மாற்றினேன். முப்பத்து மூன்று சொடக்கு வீதம் பத்து முறை திருப்பினாள். பத்து முறையும் திரையில் முப்பத்து மூன்று.

நோட்டை அவளிடம் காட்டி, அந்த ஜூலை 9 வரியை அடித்தேன். கிழிக்கவும் போனேன்.

"கிழிக்காத, அங்கனயே கிடக்கட்டும். கீழ உன் பேரப் போட்டு எழுது, உமா மகேஸ்வரி தப்பா எண்ணுதான்னு."

எழுதினேன். அவள் சிரித்த சிரிப்பில் முன்பெஞ்சு திரும்பிப் பார்த்தது.

4

முடிவு அ: உம்மா திரையில் முப்பத்து மூன்றைப் பார்த்துக் கண்கலங்கினார். [நான் அங்கே இல்லை. இது எனக்காக எழுதியது.]

முடிவு ஆ, நடந்தது: மறு வாரம் மிஸ்ரியா கருவியைத் திரும்ப எடுத்து வந்தாள்.

"உம்மா திரைய மூடித் தரச் சொல்லுதாங்க. விரலுக்கே தெரியுதாம்."

கறுப்பு டேப் ஒட்டிக் கொடுத்தேன். நான் அவ்வளவு பாடுபட்டுத் திருத்திய எண்ணை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. வருத்தமில்லை. சொடக்கு முதல் நாளிலிருந்தே சரியாக இருந்தது. நான் திரையை மட்டும் நம்பினேன். அதைப் பொறுத்துக்கொண்டு மிஸ்ரியா பெஞ்சில் இடம் மாறாமல் உட்கார்ந்தாளே, அதற்கு நன்றி என்ற சொல் போதவில்லை. அதனால்தான் இந்தக் கதை.

முடிவு இ உங்களுக்கு. டேப்புக்கு அடியில் எண் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிரித்துப் பார்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் பார்க்கப்போவதில்லை.